கூற்று எழுதாத தாள்

மகனே,

இந்தக் கடிதம் உன் மாமாவின் கையில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. கூடவே கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. பதினெட்டு வயது நிறையாத, உயர்தரம் படிக்கிற தங்கச்சி, எல்லோரும் படுத்த பிறகு குசினி நிலத்தில் குந்தியிருந்து 'மகனே' என்று யாருக்கோ எழுதிக்கொண்டிருக்கிறாள். அவன் கண்டெடுத்த ஒரேயொரு தாளுக்கே இந்த வீடு நாலு நாளாக இப்படிக் கிடக்கிறது. இதையும் கண்டால் என்னை நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அண்ணா, இதை நீ வாசிக்கிறாய் என்றால், பயப்படாதே. இந்த மகன் இன்னும் பிறக்கவில்லை. பிறப்பானா என்றும் எனக்குத் தெரியாது.

பிறக்காத உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். எழுதுவதற்கு வேறு யாரும் இல்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு சிநேகிதி. அவளுக்கு எழுத முடியாதபடி நானே செய்துவிட்டேன். நான் படிக்கிற பழைய பாட்டுகளில் பெண்களுக்கு ஆள் இல்லாதபோது கரையில் நிற்கும் நாரையோடு பேசுவார்கள், மணலில் ஓடும் நண்டோடு பேசுவார்கள். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து துறைமுகத் தண்ணீர் தெரியும், நாரையும் உண்டு. ஆனால் நாரை வளர்ந்து பெரியவனாகி ஒரு வீட்டில் அண்ணனாகவோ அப்பாவாகவோ இருக்கப் போவதில்லை. நீ இருப்பாய். அப்பா வேறு, 'இந்த வருசத்தோட படிப்பை முடிச்சு ஒருத்தன்ர கையில குடுக்கவேணும்' என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அப்படியென்றால் நீ எங்கோ தூரத்திலிருந்து என்னை நோக்கி வரத் தொடங்கிவிட்டாய் என்றுதானே பொருள். மகளாக இருந்தால் இதெல்லாம் நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துபோகும். அதனால்தான் மகனுக்கு.

நடந்ததைச் சொல்கிறேன். தவணை முடிவதற்கு முதல் நாள் தமிழ் ரீச்சர் கரும்பலகையில் ஒரு பழைய பாட்டை எழுதிப்போட்டார். ஐந்து வரிதான். கடற்கரைப் பெண் ஒருத்தி தன் தோழியிடம், அவரை இனி இரவில் வரவேண்டாம் என்று சொல்லு என்கிறாள். 'பொருள் எழுதுறதுக்கு முதல், இவள் இண்டைக்குத் திருகோணமலையில இருந்தால் இதை எப்பிடிச் சொல்லியிருப்பாள் எண்டு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாங்கோ' என்றார். விடுமுறைக்கு வீட்டுவேலை. பாட்டை எழுதின எல்லோருடைய கொப்பியையும் திருத்துவதற்கு வாங்கிக்கொண்டு, ரீச்சர் தன் ஊரான மட்டக்களப்புக்குப் போய்விட்டார். அவருடைய போன் நம்பர் எங்களிடம் இல்லை.

எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்தது. இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து எழுதினேன். நான் எழுதினதை அப்படியே இங்கே போடுகிறேன், ஏனென்றால் இனி வருகிற எல்லாம் இதனால்தான் (மூதூர் எங்கள் குடாவின் அக்கரையில் இருக்கிற ஊர்): 'அடியே, நீ போய் அவரிட்டச் சொல்லு. மூதூரில இருந்து தோணி வலிச்சுக்கொண்டு இனி ராவில வரவேண்டாம். மீன்வாடிக்குப் பின்னால தோணி கட்டுறதைச் சனம் கண்டிட்டுது. ஒழுங்கை முழுக்க என்ர கதைதான். போனும் எடுக்கவேண்டாம் எண்டு சொல்லு, அம்மா போனைத் தலகாணிக்குக் கீழ வைச்சுக்கொண்டு படுக்கிறா, நித்திரையும் கொள்ளுறா இல்லை. மேகம் மூடிக்கிடக்கு. அவருக்கு மனமிருந்தால் பகலில, நாலு பேரோட, வாசலால வரட்டும்.'

பழைய பாட்டு எதை எடுத்தாலும் அதன் தலையில் ஒரு வரி இருக்கும். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று. அதற்குக் கூற்று என்று பெயர். 'கூற்றை எழுதாமல் பாட்டைத் தொடாதேங்கோ' என்று ரீச்சர் ஒவ்வொரு பாடத்திலும் சொல்வார். நான் அதை எழுதவில்லை. மறந்துதான் போனேன். 'தலைவி தோழிக்குச் சொன்னது' என்ற மூன்று சொல்லை அந்தத் தாளின் மேலே எழுதியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. போன் சார்ஜர் தேடி என் மேசை லாச்சியைத் திறந்த அண்ணாவுக்குக் கிடைத்தது, தலையில் ஒன்றும் இல்லாத ஒரு தாள்.

அவன் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். 'ஆரடி இந்த அவர்?'

'அண்ணா, அது பாட்டு. ரீச்சர் தந்த வேலை.'

'பாட்டோ? எந்தப் படத்தில?'

'படத்தில இல்லை. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின பாட்டு.'

'ஓ. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி மூதூரில போன் இருந்ததோ?'

மகனே, இதற்கு என்ன பதில் சொல்லுவாய்? உன் மாமாவைக் கெட்டவன் என்று நினைக்காதே. நான் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது மழைக்காலம் முழுவதும் தன் சைக்கிள் பாரில் என்னை இருத்தி, தன் மழைக்கோட்டை எனக்குப் போட்டுவிட்டு, தான் நனைந்துகொண்டு பாடசாலைக்கு ஏற்றிப்போனவன் அவன். கணிதப் பிரிவுக்குப் போய், பாதியில் விட்டு, இப்போது போன் திருத்துகிற கடையில் நிற்கிறான். தமிழ்ப் பாட்டு என்றால் அவனுக்குச் சினிமாப் பாட்டுத்தான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அம்மா தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தா. 'தலகாணிக்குக் கீழ போன் வைக்கிறது நான்தானே' என்று மெதுவாகச் சொன்னா. பிறகு, 'ஆர் எழுதினதோ, அந்தப் பிள்ளை பாவம்' என்றும் சொன்னா. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அப்பா துறைமுகத்தில் டக் படகில் வேலை செய்கிறார். பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் இறங்குதுறைக்குக் கொண்டுவந்து அணைக்கிற சின்னப் படகு அது. அதிகம் பேசாத மனுசன். அன்றைக்குக் கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் இருந்து சொன்னார்: 'மகள், எனக்குக் கோவமில்லை. பொய் மட்டும் சொல்லாதை. ஆர் எண்டு சொல்லு. இல்லாட்டி அடுத்த தவணை பள்ளிக்கூடம் இல்லை.'

உண்மையைச் சொல்லியாயிற்று, அது எடுபடவில்லை. இன்னொன்று சொல்லவேண்டும் என்று மட்டும் தெரிந்தது. என் வாய் திறந்தது. 'அது என்ர இல்லை அப்பா. கஸ்தூரி சொல்லச் சொல்ல நான் எழுதினனான். என்ர எழுத்து வடிவெண்டு என்னைக் கொண்டு எழுதுவிச்சவள்.'

கஸ்தூரி எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீடு. பாலர் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் இருக்கிறவள். ஒன்பதாம் வகுப்பில் தமிழ்த்தின விழாவில் நான் மேடையில் நின்று பழைய பாட்டு ஒன்றைச் சொல்லத் தொடங்கி, மூன்றாம் வரியில் வாயடைத்து நின்றபோது, சபையின் முதல் வரிசையில் இருந்து உதட்டை அசைத்து அசைத்து மிச்சப் பாட்டை எனக்கு ஊட்டினவள். பரிசு எனக்குக் கிடைத்தது. அவள்மேல் பழியைப் போட்டேன்.

இதை நினைத்துக்கொண்டு படுத்திருக்க ஏலாமல்தான் எழும்பி வந்தேன். அந்தப் பாட்டுகளில் ஒருவருக்கும் பெயர் இல்லை, தெரியுமா உனக்கு? தலைவன், தலைவி, தோழி, தாய். அவ்வளவுதான். பெயர் சொல்லக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கண்டிப்பான விதி. அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கினேனே தவிர, ஏன் அப்படி ஒரு விதி என்று நான் யோசித்ததில்லை. பெயர் இல்லாததால்தான் அந்தப் பெண் இத்தனை காலமாகச் சாகாமல் இருக்கிறாள் என்று ரீச்சர் சொல்வார். யாரும் உள்ளே நுழைந்து அவளாக இருந்து பார்க்கலாம். நானும் அப்படித்தான் நுழைந்தேன். எனக்கு ஒரு 'அவர்' இல்லாமலே, இரண்டு மணித்தியாலம் ஒருவருக்காகப் பயந்து உண்மையாகவே கண் கலங்கினேன். ஆனால் வெறுமையாக இருக்கும் இடத்தில் யாருடைய பெயரையும் பிடித்துத் திணிக்கவும் முடியும். பெயர் விழுந்தவுடன் அது பாட்டாக இருக்காது. ஒழுங்கைக் கதையாகிவிடும்.

அப்பா அடுத்த நாள் கஸ்தூரி வீட்டுக்குப் போனார். சண்டைக்கில்லை. 'நாளைக்கு எங்கட பிள்ளை எண்டால் அவையளும் வந்து சொல்லத்தானே வேணும்' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, தாளைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கஸ்தூரியின் அப்பா கட்டாரில். அம்மா தையல் தைத்து மகளைப் படிப்பிக்கிறா. அன்று அந்த வீட்டில் தையல் மெசின் சத்தம் நின்றது. கஸ்தூரியின் போன் பறிபோயிற்று. ரியூசன் நின்றது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் கந்தளாயில் சித்தி வீட்டுக்கு அனுப்புவது, அங்கேயே இருத்திவிடுவது, படிப்புப் போதும் என்று முடிவாயிற்று.

அவள் என்ன சொல்லித் தப்பப் போகிறாள் என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். 'எனக்கு ஒண்டும் தெரியாது, அவள்தான் எழுதினவள்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். நேற்று இரவு அண்ணா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: 'ஆளின்ர பேர் எடுத்திட்டன். கஸ்தூரியின்ர அம்மாவுக்கு முன்னால வைச்சு அவளைக் கேட்டனான். சேர்ப்பனாம்.'

எனக்குச் சோறு புரைக்கேறிவிட்டது.

'எந்த ஊராம்?' என்றார் அப்பா.

'கடற்கரைப் பக்கமாம். ஆளுக்குச் சொந்தமாத் துறை இருக்காம். இறங்குதுறைக் குத்தகைக்காரன் போல. மூதூரிலதான் இருப்பான். வெள்ளிக்கிழமை போய்ப் பிடிக்கிறன்.'

மகனே, சேர்ப்பன் என்பது பெயரே இல்லை. பழைய பாட்டில் கடற்கரைத் தலைவனைக் குறிக்கிற சொல். துறைவன் என்றாலும் அவன்தான். பெயர் சொல்லக்கூடாதென்று வைத்த சொல். கஸ்தூரிக்குத் தாளைக் காட்டியிருக்கிறார்கள். அவளும் அதே வகுப்பு, அதே வீட்டுவேலை. பார்த்த உடனே என் எழுத்து, என் பாட்டு என்று கண்டுபிடித்திருப்பாள். கண்டுபிடித்தும், நான் ஏதோ பெரிய இக்கட்டில்தான் தன் பெயரைச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்து, பழியை ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டவள் சும்மா இருக்கமாட்டாமல் எனக்கு மட்டும் விளங்குகிற மாதிரி ஒரு பகிடியும் விட்டாள். பாட்டுகளில் தோழி செய்கிற வேலை அதுதான். தலைவிக்காகத் தாயிடம் பொய் சொல்லுவாள், தான் முன்னால் நிற்பாள். நாங்கள் அதற்குக் குறிப்பு எழுதி மாணவர் மன்றத்தில் வாசித்திருக்கிறோம். அவள் அதைச் செய்தாள்.

இன்றைக்கு வியாழன். விடிந்தால் வெள்ளி. சனிக்கிழமை பஸ். நான் போய் உண்மையைச் சொன்னால், முதல் ஒரு பொய் சொன்னவளின் இரண்டாவது கதை அது. யார் நம்புவார்? நம்பாவிட்டால் என் படிப்பும் போகும். சொல்லாவிட்டால் அவளுடையது போகும். இதை எழுதினால் துணிவு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. முற்றத்தில் ஏதோ நடக்கிறது. மானாகத்தான் இருக்கும். இந்த ஊரில் மான்கள் ஒவ்வொரு வீட்டுக் குப்பையாகப் பார்த்துக்கொண்டு திரிகின்றன. என்றாலும் விளக்கை அணைக்கிறேன்.

இப்போது சனிக்கிழமை. மீதியைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை அண்ணா காலையிலேயே மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு சேர்ப்பனைப் பிடிக்க மூதூருக்குப் போய்விட்டான். அப்பாவுக்குப் பகல் சாப்பாடு கொண்டுபோகிறவன் அவன்தான். அம்மா சோற்றுப் பார்சலைக் கட்டி என் கையில் தந்து, 'நீயே கொண்டு போ' என்றா. பக்கத்து வீட்டு ஆட்களிடம் கொடுத்துவிட்டிருக்கலாம். கொடுக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. நான் சொன்னது பொய் என்று அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று நினைக்கிறேன்.

துறைமுகக் கேற்றடியில் உள்ள மரத்துக்குக் கீழே அப்பா வந்து இருந்தார். கையில் கிறீஸ். கழுவிவிட்டுப் பார்சலை விரித்தார். இரண்டு மான் வந்து எட்ட நின்று பார்த்தது. அவர் முதல் பிடியை எடுக்கிற நேரம் பார்த்து, இதற்குமேல் பொறுக்க முடியாமல், 'அப்பா, நான் பொய் சொன்னனான்' என்றேன்.

பிடி கையிலேயே நின்றது. 'அப்ப ஆர் அவன்?'

'ஒருத்தரும் இல்லை அப்பா. அது பாட்டுத்தான்.'

'முதல் பாட்டெண்டாய். பிறகு கஸ்தூரியெண்டாய். இப்ப திரும்பவும் பாட்டெண்டுறாய். நாளைக்கு என்ன சொல்லப்போறாய்?'

என்னிடம் கொப்பி இல்லை, ரீச்சர் இல்லை, ஒன்றும் இல்லை. பாட்டு மட்டும் மனதில் இருந்தது. அதைச் சொன்னேன். கேற்றுக்குள் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. ஐந்து வரியையும் பழைய தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர்.

'திருப்பிச் சொல்லு' என்றார். சொன்னேன்.

'கொண்டல் எண்டு வருதே, அதுக்கு என்ன எழுதினாய்?'

'மேகம் எண்டு.'

'ஆர் சொன்னது மேகம் எண்டு?'

'பலகையில பாட்டுக்குக் கீழ அருஞ்சொல் எண்டு போட்டிருந்தது.'

'கொண்டல் எண்டால் கிழக்குக் காத்து, பிள்ளை. இப்பவும் நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறம். கொண்டல் எழும்பினால் அலை நேர குடாவுக்குள்ள ஏறும். டக்கையே நாங்கள் கட்டிப்போட்டிட்டு இருப்பம். அவள் ஊர் கதைக்கும் எண்டு மட்டும் வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை. அவன் வழியில செத்துப்போவான் எண்டு பயத்தில சொல்லுறாள். தோழியிட்ட அதைச் சொல்ல வெக்கம். ஊரைச் சாட்டுறாள்.'

எனக்கு உடம்பு சிலிர்த்தது, மகனே. அந்த நிலையிலும் சிலிர்த்தது. அகராதியில் கொண்டலுக்கு மேகமும் உண்டு, காற்றும் உண்டு. நான் மேகத்தை எடுத்துக்கொண்டு, அவளை ஊர்ப் பேச்சுக்குப் பயந்த பெண்ணாக எழுதினேன். ஊர்ப் பேச்சு என்பது அவள் மேலே போர்த்தியிருந்த துணி. உள்ளே இருந்த பயம் வேறு. இத்தனை பேர் இத்தனை காலம் படித்த பாட்டில் அந்தப் பெண்ணின் பயம் கிறீஸ் கையோடு இருந்த ஒரு டக்குக்காரர் காதில் போய் விழுந்தது. பழைய பாட்டு ஏன் இன்னும் நிற்கிறது என்று யாராவது உன்னைக் கேட்டால், அது அழகு, பெருமை என்று சொல்லிவிட்டு ஓடாதே. அதிலே இன்னும் கேட்டு முடியாத ஒரு சொல் இருக்கிறது, அதைக் கேட்கிற காது எங்கே இருக்கும் என்று தெரியாது, அதனால் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று சொல். நான் என் வீட்டில் ஒருநாளும் சொல்லிப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு விளங்காது என்று நானே முடிவுசெய்திருந்தேன். என்னை வாசிக்காமல் தீர்ப்புச் சொன்னார்கள் என்று அழுத நான், அவரை ஒருநாளும் வாசித்ததில்லை.

அப்பா இடக்கையால் சேட்டுப் பையிலிருந்து என் தாளை எடுத்து விரித்தார். அண்ணா வாசிக்கக் கேட்டாரே தவிர, இதுவரை தானாக வாசிக்கவில்லை போல. வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது. 'மூதூரில இருந்து தனிய தோணி வலிச்சுக்கொண்டு வாறானோ? ராவோட ராவா வந்திட்டுத் திரும்பியும் போறானோ? விடிஞ்சிடும், விசரி. மீன்வாடிக்குப் பின்னால முழுக்கக் கல்லு. அங்க தோணி கட்டினவன் ஒருத்தனும் இல்லை.' நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'உண்மையா ஒருத்தன் இருந்தால், மோட்டச்சைக்கிளில றோட்டால, கிண்ணியாப் பாலம் கடந்து வந்திருப்பான்.'

'ஓம் அப்பா' என்றேன்.

'பாட்டைக் கட்டினவளுக்குக் கடல் தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரியாது' என்றார். சோற்றை அப்படியே மூடினார். 'நட. இப்பவே போவம். நான் சொல்லமாட்டன். நீதான் சொல்லவேணும்.'

கஸ்தூரியின் அம்மா மெசினில் இருந்தா. நான் நின்றுகொண்டே சொன்னேன். சொல்லி முடியும்வரை தைத்துக்கொண்டே இருந்தா. பிறகு கால் நின்றது. திட்டுவா என்று நினைத்தேன். 'அவளைத் துணி அளக்கிற மட்டையால அடிச்சனான், பிள்ளை' என்று மட்டும் என்னிடம் சொன்னா. அப்பா பக்கம் திரும்பி, 'அண்ணை, ஒழுங்கைக்கு எல்லாம் தெரியும். நீங்கள் இப்ப ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லுவியளோ?' என்றா. 'போவன்' என்றார் அப்பா. போனார். வேலை நேரத்தில், சாப்பிடாமல், நாலு வீட்டுக்குப் போனார். இரண்டாவது வீட்டில், 'அப்ப உங்கட மகளோ?' என்று கேட்டார்களாம். அந்தக் கதை இப்போது என்மேல் ஏறியிருக்கிறது. அது இறங்க எவ்வளவு காலம் எடுக்கும் என்று தெரியவில்லை. படிப்பைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. போகலாம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அடுத்த தவணை தொடங்கும் நாள் காலையில்தான் தெரியும்.

அண்ணா பின்னேரம் முகம் கறுத்து வந்து சேர்ந்தான். மூதூர் இறங்குதுறையில் அரை நாள் விசாரித்திருக்கிறான். கடைசியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் விழுந்து விழுந்து சிரித்து, 'தம்பி, அவரத் தேடி இஞ்ச வந்து பிரயோசனமில்ல. நான் பத்தாம் வகுப்பில படிக்கிற காலத்திலயே அவர் புத்தகத்துக்குள்ளதான் இருந்தவர்' என்றாராம். அண்ணா என்னை ஏசவில்லை. கை கால் கழுவிவிட்டு வந்து, 'ஏன்டி, அவன் கடைசியில பகலில வந்தானோ?' என்று கேட்டான். 'பாட்டு அதைச் சொல்லேல்லை' என்றேன். 'அதென்ன பாட்டு' என்று முணுமுணுத்துக்கொண்டு போனான். இரவு படுக்கப் போகிற நேரத்தில் திரும்பவும் அதையே கேட்டான்.

கஸ்தூரியைப் பற்றி எழுதுவதைத் தள்ளிக்கொண்டே வருகிறேன். அவள் அறையில் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு மேலே மட்டை பட்ட இடம் தெரிந்தது. அவள் அம்மா கதவடியில் வந்து, 'இனிப் போகத் தேவையில்லை, பையை இறக்கு' என்று சொன்ன பிறகும் அடுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

'கஸ்தூரி, பயத்தில சொல்லிட்டன்' என்றேன்.

'தெரியும்.'

'மன்னிச்சுக்கொள்ளடி.'

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். 'தோழி தலைவிக்காகப் பொய் சொல்லுவாள். எத்தினை பாட்டில சொல்லியிருக்கிறாள். தலைவி தோழியில பழியைப் போட்ட பாட்டு ஒண்டு காட்டு பாப்பம்.'

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். 'இல்லை' என்றேன்.

'இருக்காது. அப்பிடிச் செய்தால் பிறகு அவள் ஆரோட கதைக்கிறது? பாட்டே வராது.'

இன்று காலை அவள் கந்தளாய்க்குப் போனாள். அனுப்பப்படவில்லை, தானாகப் போனாள். 'பள்ளிக்கூடம் தொடங்கேக்க வருவன். வந்தாலும் பழையபடி எண்டு நினைக்காதை' என்று சொல்லிவிட்டு ஏறினாள். பஸ் எடுக்கும்வரை நின்றேன். அவள் யன்னல் கரையில்தான் இருந்தாள். பார்க்கவில்லை.

அவள் சொன்ன மாதிரி ஒரு பாட்டு இல்லாததால்தான் இதை இவ்வளவு நீளத்துக்கு எழுதினேன். இதன் தலையில் இனியாவது கூற்றைச் சரியாகப் போடவேண்டும்: தோழிமேல் பொய் சொன்னவள், தன் மகனுக்குச் சொன்னது. நீ பெரியவனாகி ஒரு வீட்டில் யாருடைய தாளையாவது கண்டெடுத்தால், அதை எழுதினவளிடம் முதலில் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல். அவள் குரலில் கேட்டுவிட்டுப் பிறகு கோபப்படு. பயந்தவர்கள் சொல்கிற முதல் காரணத்தோடு நின்றுவிடாதே. நீயே பயந்து நிற்கும் நாளில், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வாயைத் திற.

இன்னும் ஒன்று. இதை நீ வாசிக்கிற காலத்தில், கஸ்தூரி என்று ஒருத்தி நம் வீட்டுக்கு வந்துபோகிறாளா என்று பார். வந்துபோகிறவளாக இருந்தால், அவள் வரும்போது நீ எழும்பி அவளுக்குக் கதிரையைக் கொடு. அப்படி ஒருத்தி வருவதே இல்லையென்றால், ஏன் என்று என்னிடம் கேட்காதே.

உன் அம்மா